காலத்தின் திசை – 9: ஊழும் இருப்புப்பாதையும்

வரலாற்றுக்கு ஒரு திசை உண்டு என்றும், அத்திசை மனிதரின் விருப்பு வெறுப்புகளைக் கேட்டு அமைவதில்லை என்றும் நம்புகிறவர்கள் இரு அணியாகப் பிரிந்து நிற்பதை எல்லாக் காலத்திலும் காணலாம். வருவது வந்தே தீரும், அதை முன்கூட்டியே உணர்ந்து ஒத்துப்போவதே விவேகம் என்பார்கள் ஒரு சாரார். வருவது எதுவாயினும் தமக்குச் சரியென்று படாததை எதிர்த்து நிற்பதே மானம் என்பார்கள் மறுசாரார். இந்த வழக்கில் இரு தரப்பும் தம்மை அறியாமலே ஒரு விஷயத்தில் கைகோத்து நிற்கின்றன. திசை ஒன்று இருக்கிறது, அது ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்பதில் இருவருக்குமே ஐயமில்லை. ஏற்பதா எதிர்ப்பதா என்ற கேள்விக்கு விடை தேடுமுன், அந்த உடன்பாடு எவ்வளவு உறுதியானது என்பதை உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த வாரம் அதற்கு உரைகல்லாகத் தருமபுரி மாவட்டத்தின் சிற்றூர் ஒன்று எடுத்துக்கொள்ளப்படுகிறது.

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் வழியாகச் சேலத்துக்கும் கோவைக்கும் செல்லும் இருப்புப்பாதையில், அரூர்ப் பக்கத்தாருக்கும் தருமபுரிப் பக்கத்தாருக்கும் பொதுவான ரயிலடியாக அமைந்திருப்பது மொரப்பூர். பெரிய வரலாற்று நூல்களில் அதன் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. ஆயினும் சுமார் 160 ஆண்டுகளுக்குள் ரயில் வந்ததையும், அதிலிருந்து ஒரு கிளை பிரிந்ததையும், பிரிந்த கிளை வேரோடு பிடுங்கப்பட்டதையும், பிடுங்கியதைத் திரும்பப் போடுவதற்கு ஒப்புதல் கிடைத்ததையும் அந்த ஒரே ஊர் பார்த்திருக்கிறது. முன்னேற்றம் என்பது முன்னோக்கி மட்டுமே ஓடும் என்று நம்புகிறவர்கள் பதில் சொல்லியாக வேண்டிய ஊர் அது.

நிகழ்வன யாவும் முன்பே தீர்மானிக்கப்பட்டவை என்னும் கொள்கை நியதிவாதம் எனப்படும். இது ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு அன்று. மற்கலி கோசாலரைத் தலைவராகக் கொண்ட ஆசீவகர், மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை, உருட்டிவிட்ட நூலுருண்டை நூல் தீரும்வரை அவிழ்ந்துகொண்டே போவதுபோல ஒவ்வோர் உயிரும் தனக்கு விதித்த அளவைக் கடந்தே முடிவை எட்டும் என்று கற்பித்ததாகப் பௌத்த நூல்கள் கூறுகின்றன. அவர்களுடைய சொந்த நூல்கள் எஞ்சாமையால் அவர்கள் கட்சியை எதிராளிகளின் வாய்வழியே கேட்க வேண்டியிருக்கிறது. தமிழகத்தில் அவர்கள் லேசுப்பட்டவர்களாக இருக்கவில்லை என்பதற்கு மணிமேகலையும் நீலகேசியும் அவர்களோடு வாதிட எடுத்துக்கொண்ட சிரத்தையே சான்று. திருவள்ளுவரோ அறத்துப்பாலை ஊழ் என்னும் அதிகாரத்தோடு முடித்துவிட்டு, பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்குத் தனி அதிகாரம் ஒன்றை வகுத்து, அங்கே முயற்சியின் பக்கம் நின்று பேசுகிறார். அவ்விரண்டையும் ஒன்றோடொன்று பொருத்துவதற்கு உரையாசிரியர்கள் பட்ட பாடு பெரிது.

அந்தச் சிக்கலுக்கு உரைகளில் கிடைக்காத ஒரு தெளிவு சிலப்பதிகாரத்தின் கதையமைப்பில் கிடைக்கிறது. வினைப்பயன் விடாது என்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக அறிவித்துக்கொண்டு தொடங்கும் காப்பியம் அது. கதை சொல்பவரின் குரலும் இடையிடையே வினையை நினைவூட்டிக்கொண்டே செல்கிறது. ஆனால் சிலம்போடு அரசவைக்கு வந்த கண்ணகியிடம் பாண்டியன் வினையைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கவில்லை. உன் கணவனுக்கு விதி அப்படி என்று அவன் சொல்லியிருந்தால் காப்பியத்தின் தத்துவத்துக்கு அது முரணாகவும் இருந்திருக்காது. அவன் குற்றத்தைத் தன்மேல் ஏற்று உயிர் துறக்கிறான். முற்பிறவிக் கதையையும் வினையின் கணக்கையும் பின்னால் வந்து விளக்குவது மதுரையின் காவல் தெய்வம். அதைக் கேட்பவள் எல்லாவற்றையும் இழந்துவிட்ட கண்ணகி. கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகரோடு சேர்வதும் மகளை இழந்த பிறகுதான். ஆக, ஊழ் என்னும் சொல் பட்டவர்க்கு ஆறுதலாகச் சொல்லப்படுகிறதே ஒழிய, செய்தவனுக்குச் சமாதானமாக ஒருமுறையும் தரப்படவில்லை. விதியை நம்பிய ஒரு பண்பாடு அதைப் பேசும் உரிமையை யாருக்குக் கொடுத்தது, யாருக்கு மறுத்தது என்பது இதனால் புலனாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா கொண்டுவந்த புதிய நியதிவாதத்தில் இந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை.

பழைய கிரேக்க நாட்டு ஸ்டோயிக் தத்துவவாதிகள், வண்டியில் கட்டிய நாய் தானாக நடந்தாலும் இழுபட்டுப் போனாலும் வண்டியின் பின்னால்தான் போயாக வேண்டும் என்று கூறியதாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் பேசியது தனிமனிதனின் விதியை. அதை நாடுகளுக்கும் சமூகங்களுக்கும் விரித்து, உலக வரலாறு என்பதே சுதந்திரம் தன்னைப் படிப்படியாக உணர்ந்துகொள்ளும் ஒரே பயணம் என்று கட்டமைத்தவர் ஹெகல்; அந்தப் பயணத்தின் உந்துவிசையைச் சிந்தனையிலிருந்து எடுத்து உற்பத்தி முறைகளில் வைத்தவர் கார்ல் மார்க்ஸ். பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே முதல் பயணிகள் ரயில் ஓடிய 1853ஆம் ஆண்டிலேயே, நியூயார்க்கில் வெளியான ஒரு நாளிதழுக்கு இந்தியா குறித்து அவர் கட்டுரைகள் எழுதினார். ஆங்கிலேயர் தம் பஞ்சையும் சரக்கையும் ஏற்றிச்செல்லவே ரயில் போடுகிறார்கள். ஆனால் ரயில் வந்த நாட்டில் நவீனத் தொழில் வந்தே தீரும், தொழில் வந்தால் சாதிகளுக்குத் தாங்கலாக இருக்கும் பரம்பரைத் தொழில் பிரிவினை கரைந்தே தீரும் என்பது அவற்றில் அவர் முன்வைத்த கணிப்புகளுள் ஒன்று. ஆங்கிலேயரின் கொடுமையை அவர் மூடி மறைக்கவில்லை. அந்தக் கொடுமையையும் அறியாமலே தன் வேலையை முடித்துக்கொள்ளும் ஒரு போக்கு உண்டு என்பதே அவர் நிலை.

இந்தக் கணிப்பு அச்சேறிச் சில ஆண்டுகளில் மொரப்பூர் வழியாக ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ராயபுரத்திலிருந்து 1856ஆம் ஆண்டு புறப்பட்ட சென்னை ரயில்வே கம்பெனியின் அகலப்பாதை 1861ஆம் ஆண்டு வாக்கில் சேலத்தை எட்டியது. அடுத்த 15 ஆண்டுகளில், 1876ஆம் ஆண்டின் பருவமழைகள் பொய்த்துத் தாதுவருடப் பஞ்சம் என்று இன்றும் மக்கள் வாயில் வழங்கும் பெரும்பஞ்சம் வந்தது. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் திருப்பத்தூர்ப் பகுதியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சம்; 1881ஆம் ஆண்டில் சுமார் 16 லட்சம். பத்து ஆண்டுகளில் கூடியிருக்க வேண்டியதைக் கணக்கில் சேர்க்காமலே மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைவு. இவர்களுள் இலங்கைத் தோட்டங்கள் போன்ற இடங்களுக்குப் பிழைக்கப் போனவர்களும் உண்டு என்றாலும், மாண்டவர்களே மிகுதி. ரயில் இல்லாததால் நேர்ந்த சாவுகள் இவை என்று சொல்ல இடமில்லை; மாவட்டத்தின் குறுக்கே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அது துறைமுகத்திலிருந்து தானியத்தைக் கொண்டுவந்து இறக்கியது. அதை வாங்குவதற்கான காசு, விளைச்சலும் கூலி வேலையும் ஒருசேரப் போய்விட்ட மக்கள் கையில் இருக்கவில்லை.

அப்போது அரசாட்சியில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் அரசு, தானிய விலையில் ஆட்சியாளர் தலையிடுவது பொருளாதார விதிகளுக்கு மாறானது, விலை ஏற ஏறச் சரக்கு தானாக வரும், நுகர்வு தானாகக் குறையும், அந்த இயல்பான போக்கைக் குலைத்தால் பின்னால் பெரிய கேடு விளையும் என்ற நம்பிக்கையில் ஊன்றி நின்றது. சென்னை ஆளுநராயிருந்த பக்கிங்ஹாம் கோமகன் 1876ஆம் ஆண்டின் இறுதியில் சுமார் 30,000 டன் தானியத்தை அரசின் பெயரில் வாங்கியபோது அது வியாபாரத்தின் வழியில் குறுக்கிடுவதாகக் கண்டிக்கப்பட்டது. 1877ஆம் ஆண்டு ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் பஞ்ச விவகாரங்களுக்கான சிறப்புப் பிரதிநிதியாகச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். மண் வெட்டவும் கல் உடைக்கவும் நிவாரண முகாம்களுக்கு வந்த ஆளுக்கு ஒரு நாள் கூலி, ஒரு பவுண்டு தானியமும் சொற்பச் சில்லறையும் போதும் என்று அவர் வரையறுத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். அந்தத் தானியத்தைத் தின்றுவிட்டு ஒருவன் நாள் முழுதும் மண் சுமக்க வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இந்த அளவு உடலுழைப்புக்குப் போதாது என்பதை விடாமல் எழுதினார், வாதிட்டார், முகாம்களில் உடல்கள் வற்றிவருவதை எடுத்துக்காட்டினார். 1877ஆம் ஆண்டின் நடுவில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ ஆயிரம் பேருக்கு அது காலங்கடந்த உயர்வாகிவிட்டது.

இந்த வரலாற்றில் ஒரு தகவல் போதிய அளவு பேசப்படுவதில்லை. இதே டெம்பிள் 1873–74ஆம் ஆண்டுகளில் பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசியை அரசுச் செலவில் இறக்கி, தாராளமாக வழங்கி, பட்டினிச் சாவுகள் மிகச் சொற்பமாகவே நேரும்படி பார்த்துக்கொண்டவர். அதற்காக அவர் பாராட்டப்படவில்லை. ஊதாரி என்று கல்கத்தாவிலும் லண்டனிலும் வசை வாங்கினார். மூன்றாண்டுகள் கழித்துத் தெற்கே வந்தவர், அந்த அவப்பெயரைத் துடைத்துக்கொள்ள வேண்டியவராக வந்தார். அதே பேரரசு, அதே கப்பல்கள், அதே ரயில், அதே அதிகாரி. பீகாரில் நடந்தது சேலத்தில் நடக்காமல் போனதற்குச் சந்தையின் விதியையோ வரலாற்றின் போக்கையோ காரணம் காட்ட முடியாது. ஒரு மனிதர் தம் பெயருக்கு அஞ்சி எடுத்த முடிவும், அதை எடுக்கச் சொன்ன மேலிடமும் கண்முன் நிற்கின்றன. தென்னாட்டையும் பிற பகுதிகளையும் சேர்த்து 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனதாக மதிப்பிடப்படும் அப்பஞ்சத்தில், தவிர்க்க முடியாதது என்று சொல்லத்தக்கது மழை பொய்த்தது ஒன்றே. பாண்டியன் சொல்லாததை லிட்டன் சொன்னார்.

பஞ்சத்துக்குப் பின் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த ஆணையம் 1880ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. லாபம் வராவிட்டாலும் பஞ்சகாலத்தில் தானியம் கொண்டுசேர்க்கப் பாதைகள் போட வேண்டும் என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது. இவை பஞ்சத் தடுப்புப் பாதைகள் எனப்பட்டன. ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்களுக்குக் கொடுத்தால் விளைச்சலும் பெருகும், போக்குவரத்தும் நடக்கும் என்று கோதாவரி அணைக்கட்டின் சிற்பி ஆர்தர் காட்டன் நெடுங்காலம் வாதிட்டு வந்தார். அந்த வழி கைவிடப்பட்டது. வரலாற்றின் போக்கு என்று இன்று எழுதப்படும் பலவும் இப்படி ஒரு மேசையில் தோற்றுப்போன இன்னொரு திட்டத்தை மறைத்துக்கொண்டிருப்பவை.

மொரப்பூர்–தருமபுரி பாதை இந்த வகையில் பிறந்தது. 1906ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, 1913ஆம் ஆண்டில் ஓசூர்வரை நீட்டப்பட்ட அது, இரண்டரை அடி அகலமுள்ள குறுகிய பாதை. முதன்மைப் பாதையின் அகலமோ ஐந்தரை அடி. ஒரு பாதையின் பெட்டி மற்றதில் ஏறாது. ஆகவே பாராமகால் என்று வழங்கிய அந்த மேட்டுநிலத்திலிருந்து வந்த மூட்டை ஒவ்வொன்றும் மொரப்பூரில் சின்னப் பெட்டியிலிருந்து இறக்கப்பட்டு, ஆள் தோளேறி, பெரிய பெட்டிக்குள் மறுபடி அடுக்கப்பட வேண்டும். மேலே போகும் மூட்டைக்கும் அதே கதி. தருமபுரிக்காரரின் சரக்குக்கு இரட்டைக் கூலியும், மொரப்பூர்ச் சுமையாட்களுக்கு நிரந்தர வேலையும் கொடுத்தது அந்த மூன்றடி வித்தியாசம். குறைந்த செலவில் பஞ்சத்துக்கு ஏதோ செய்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டிய நிர்வாகத்தின் சிக்கனம் அதில் தெரிகிறது. இதே காலத்தில் 1905ஆம் ஆண்டு திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போடப்பட்ட குறுகிய பாதையும் இதன் உடன்பிறப்பு.

இரண்டுமே நிலைக்கவில்லை. கிருஷ்ணகிரிப் பாதை, பேருந்துகள் பெருகிவந்த காலத்தில், 1936ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. மொரப்பூர்ப் பாதை 1941ஆம் ஆண்டு மூடப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்கு இரும்பு தேவைப்பட்டதால் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. முன்னதை வரவு செலவின் போக்கு என்று ஒருவாறு சொல்லலாம். பின்னதைச் சொல்ல முடியாது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியின் மாகாண அமைச்சரவை, இந்தியரைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்து 1939ஆம் ஆண்டு இறுதியில் பதவி விலகியிருந்தது. ஏன் எடுக்கிறீர்கள் என்று தருமபுரிக்காகக் கேட்டிருக்கக்கூடிய மக்கள் அமைச்சரவை சென்னையில் அப்போது இல்லை. பஞ்சத்தில் மாண்டவர்களின் பெயரால் போடப்பட்ட இரும்பு, யாரோ தொடங்கிய போருக்காகக் கழற்றப்பட்டது. இதன்பின் சேலத்திலிருந்து தருமபுரி வழியாகப் பெங்களூருக்கு மீட்டர் பாதை 1960களின் இறுதியில் முழுமை பெறும்வரை, கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தருமபுரி ரயிலைப் பார்க்கவில்லை. ரயிலே இல்லாத ஊர், ரயில் உள்ள ஊர், மீண்டும் ரயில் இல்லாத ஊர் என்ற வரிசையை எந்தப் படிநிலைக் கோட்பாட்டில் கொண்டுபோய்ச் செருகுவது என்பதை அக்கோட்பாட்டாளர்களே சொல்ல வேண்டும்.

புரட்சிகளை வரலாற்றின் ரயில் எஞ்சின்கள் என்று 1850ஆம் ஆண்டில் மார்க்ஸ் வருணித்திருந்தார். நாஜிகளிடமிருந்து தப்பியோடிக்கொண்டிருந்த ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின், 1940ஆம் ஆண்டில் தாம் இறப்பதற்குச் சில மாதங்கள் முன் எழுதிய குறிப்புகளில் அதைத் தலைகீழாக்கி, ஓடும் ரயிலில் பயணிகள் கை நீட்டிப் பற்றும் அவசர நிறுத்தச் சங்கிலியே புரட்சியாக இருக்கலாமே என்று கேட்டார். காலம் தம் பக்கம் இருக்கிறது, நீரோட்டத்தோடு போனால் போதும் என்ற நம்பிக்கை ஜெர்மானியத் தொழிலாளர் இயக்கத்தைக் கெடுத்ததுபோல் வேறெதுவும் கெடுக்கவில்லை என்பது அவர் கருத்து. ரயிலையே பஞ்சத்துக்கும் தொற்றுநோய்க்கும் வாகனம் என்று 1909ஆம் ஆண்டு இந்திய சுயராஜ்யம் என்னும் நூலில் கண்டித்த காந்தி, இந்தியா திரும்பியபின் அதே ரயிலின் மூன்றாம் வகுப்பில் நாடு முழுதும் சுற்றினார். இது முரண்பாடு என்று ஏளனம் செய்யப்படுவதுண்டு. ஒரு கருவி தன்னோடு கொண்டுவரும் தீமையை மறுக்காமல் சுட்டிக்காட்டுவதும், கையில் இருக்கும் கருவியைத் தன் நோக்கத்துக்குத் திருப்பிக்கொள்வதும் ஒருவரே செய்யக்கூடியவைதாம் என்று அந்த ஏளனத்துக்கு விடை கூறலாம்.

மார்க்ஸை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. 1881ஆம் ஆண்டு ரஷ்யப் புரட்சியாளர் வேரா ஜாசுலிச், ரஷ்யக் கிராமச் சமூகம் அழிந்தே ஆக வேண்டுமா என்று கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பல வரைவுகள் எழுதி எழுதிக் கடைசியில் அவர் அனுப்பிய சுருக்கமான பதிலில், தாம் விவரித்த வரலாற்றுக் கட்டாயம் மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டுமே உரியது என்று தெளிவாகக் குறிப்பிட்டார். சீடர்கள் குருவைவிட உறுதியாக இருப்பது எல்லா மடங்களிலும் காணப்படுவதே. பிற்காலத்தில் கார்ல் பாப்பர், வரலாறு விதிகளின்படி ஒரு முடிவை நோக்கிச் செல்கிறது என்னும் கொள்கையைத் தனி நூலாகவே எழுதி மறுத்தார்; மனித அறிவின் வளர்ச்சி வரலாற்றை மாற்றுகிறது, நாளை நாம் அறியப்போவதை இன்றே அறிய முடியாது, ஆகவே நாளைய வரலாற்றையும் அறிவியல் முறையில் முன்கூற முடியாது என்பது அவர் வாதத்தின் சுருக்கம். வரலாற்றின் தவிர்க்க முடியாத விதிகளை நம்பியவர்களால் பலியான எண்ணற்ற மக்களுக்கு அந்த நூலை அவர் காணிக்கையாக்கினார்.

பாப்பரின் தர்க்கம் வலுவானது. ஆனால் நியதியை நம்புகிறவன் சோம்பிக் கிடப்பான் என்று அதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. வெற்றி உறுதி என்று நம்புகிறவன் மற்றவர்களைவிட மூர்க்கமாகச் செயல்படுவான் என்பதை ரஷ்ய மார்க்சியர் பிளெக்கானவ் 1898ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். தருமபுரியிலும் இதற்குச் சான்று உண்டு. 1970களின் பிற்பகுதியில் தருமபுரி, வட ஆர்க்காடு மாவட்டங்களின் கிராமங்களில் இயங்கிய நக்சல்பாரி இளைஞர்கள், நிலவுடைமை ஒழிவது வரலாற்றின் கட்டளை என்று நம்பியவர்கள். கந்துவட்டியையும் தேநீர்க்கடை இரட்டைக் குவளையையும் எதிர்த்து நின்றவர்கள். வன்முறையைத் தம் வழியாகக் கொண்ட அவர்கள்மேல் 1980ஆம் ஆண்டில் காவல்துறை நடவடிக்கை பாய்ந்தது. அதில் உயிரிழந்த பாலனுக்கும், அதற்கு முன்பே மறைந்த அப்புவுக்கும் நாயக்கன்கொட்டாயில் சிலைகள் எழுந்தன. அந்த வட்டாரத்திலேயே 2012ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணமாக வைத்து நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டு, 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தும் சிதைந்தும் போயின. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று அந்த மணமகன் தருமபுரியில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார்.

1853ஆம் ஆண்டுக் கணிப்புக்கு 160 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த இந்தப் பதிலைப் படித்துவிட்டு, எதுவுமே மாறாது என்று முடிவு செய்வதும் ஒருவகை நியதிவாதமே. இரட்டைக் குவளைக்கு எதிரான போராட்டம் பலித்த கடைகள் உண்டு. சாதி கடந்து மணந்து வாழ்கிற இணையர்களும் அந்த மாவட்டத்தில் உண்டு. பிழை எங்கே என்றால், சாதி தானாகக் கரையும் என்று கணக்குப் போட்டு, கரைக்கும் வேலையைக் காலத்தின் பொறுப்பில் விட்டதில் இருக்கிறது. தொழிற்சாலை வந்தால் போய்விடும், படிப்பு வந்தால் போய்விடும், நகரம் வந்தால் போய்விடும் என்று ஒவ்வொரு தலைமுறையும் அடுத்ததன் தலையில் சுமையை இறக்கி வைத்திருக்கிறது. அந்த இளைஞர்களிடம் வேறொரு குறை இருந்தது: வரலாறு தங்கள் பக்கம் என்ற உறுதி, தங்களோடு சேராத பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிப் பார்க்கும் பொறுமையை அவர்களுக்கு விட்டுவைக்கவில்லை.

ஆகவே ஏற்பதா எதிர்ப்பதா என்ற கேள்வியை எடுத்தவுடன் கேட்பதில் பயனில்லை. போக்கு என்று காட்டப்படுவதைப் பிரித்துப் பார்த்து, அதில் மழை எவ்வளவு, ஆணை எவ்வளவு என்று முதலில் கணக்கிட வேண்டும். மழையோடு சண்டையிட முடியாது; ஏரி வெட்டி வைத்துக்கொள்ளலாம். ஆணைக்கு ஒரு தேதியும் ஒரு கையொப்பமும் உண்டு, ஆகவே கேள்வி கேட்கவும் ஓர் ஆள் உண்டு. இரண்டாவதாக, நேர்ந்துவிட்டால் திருத்த முடியுமா என்று பார்க்க வேண்டும். 1941ஆம் ஆண்டில் கழற்றிய தண்டவாளத்தைக் காசும் மனமும் இருந்தால் மறுபடி போட்டுவிடலாம். 1877ஆம் ஆண்டின் முகாம்களில் மாண்டவர்களையோ, 2013ஆம் ஆண்டில் மாண்டவரையோ எந்த நிதிநிலை அறிக்கையாலும் திருப்பித் தர முடியாது. திருத்தக்கூடியதில் தவறான பக்கம் நின்றுவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. பொறுத்துப் பார்க்கலாம், சோதித்துப் பார்க்கலாம், விட்டும் கொடுக்கலாம். திருத்த முடியாததில், எல்லாம் போக்கு என்று எவ்வளவு பெரிய அறிஞர் சொன்னாலும், தயங்கி நின்று தடுக்கப் பார்ப்பவர் பக்கமே நியாயம் சாய்கிறது. கார்னிஷ் எந்தத் தத்துவத்தையும் நிறுவ முயலவில்லை. 450 கிராம் போதாது என்றார், அவ்வளவே.

மொரப்பூர்–தருமபுரி பாதையை மீண்டும் கேட்டு மாவட்ட மக்கள் விடுத்த கோரிக்கை பல பதிற்றாண்டுகள் மனுக்களாகவும் தேர்தல் வாக்குறுதிகளாகவும் அலைந்து, 2016–17ஆம் ஆண்டு ரயில்வே நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது. 36 கிலோமீட்டர் புதிய அகலப்பாதைக்கு 2019ஆம் ஆண்டு மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. தருமபுரி நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர்க் கோட்டத்திலும், மொரப்பூர் நிலையம் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்திலும் இருக்கின்றன. சென்னைக்கு நேர்வழி வேண்டும் தருமபுரிக்காரர் பேருந்திலோ காரிலோ மொரப்பூர் வந்து ரயில் ஏறுவது வழக்கம். இடைப்பட்ட முக்கால் நூற்றாண்டில் பழைய தடம் சும்மா கிடக்கவில்லை. தருமபுரிப் பக்கம் அதன்மேலும் அதை ஒட்டியும் வீடுகள் எழுந்துவிட்டன. புதிய பாதைக்கு நிலம் எடுக்கும் பேச்சு வந்ததும் எங்கே போவது என்ற கேள்வி அந்த வீடுகளிலிருந்து எழுந்தது. பாதை வேண்டும் என்பவரும் வீடு போகக்கூடாது என்பவரும் ஒரே ஊர்க்காரர். நிலத்துக்கு என்ன விலை, மாற்று இடம் எங்கே, தடத்தை எத்தனை மீட்டர் தள்ள முடியும் என்பவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் ரயில்வே அளவையாளரின் வரைபடத்திலும் தீர்க்க வேண்டியவை. வளர்ச்சி வந்தால் சிலர் விலகத்தான் வேண்டும் என்று அங்கே யாராவது பேசத் தொடங்கினால், அந்த வாக்கியத்தைச் சொல்பவரின் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்பது பொருத்தமான கேள்வி.

(தொடரும்)